ரிப்போர்ட்டில் 'குறைவு' என்று வந்தால் வலிப்பு மாத்திரையைக் கூட்டலாமா?

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 31 வயது. பள்ளியில் படிக்கும்போதே வலிப்பு ஆரம்பித்தது. பல வருடங்களாக ஃபெனிட்டாயின் 100 மி.கி. கேப்சூல் மூன்றை இரவு படுக்கும் முன் ஒன்றாகப் போடுகிறான். கடைசியாக வலிப்பு வந்து மூன்று வருடம் தாண்டிவிட்டது. போன வருடம் ரத்தத்தில் மருந்தின் அளவு பார்த்தபோது 13.4 இருந்தது. இந்த மாதம் பார்த்தால் 8.1. பக்கத்திலேயே 'குறைவு' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எங்கள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும், அடுத்த முறை வரும்போது பேசலாம்" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்குப் பயத்தில் தூக்கமே இல்லை. இன்னொரு கேப்சூல் சேர்த்துக் கொடுத்தால் அளவு சரியாகிவிடும் அல்லவா? ரத்தம் கொடுக்கப் போகும்போது மாத்திரை போட்டுவிட்டுப் போக வேண்டுமா, போடாமல் போக வேண்டுமா? எத்தனை மாதத்துக்கு ஒரு முறை இந்த டெஸ்ட் எடுக்க வேண்டும்? (ஓர் அக்கா)

பதில்: சகோதரி, முதலில் அவசரமான பதிலைச் சொல்லிவிடுகிறேன். நான்காவது கேப்சூலைச் சேர்க்காதீர்கள். உங்கள் டாக்டர் 'இருக்கட்டும்' என்றது அலட்சியத்தால் அல்ல. வலிப்பு வராமல் நன்றாக இருப்பவருக்கு, ஒரு காகிதத்தில் வந்த எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டுவதில்லை என்பது எங்கள் துறையில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விஷயம். அவருடைய இடத்தில் நானும் டோஸைக் கூட்டியிருக்க மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி கேட்டிருப்பேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த 'குறைவு' என்ற எழுத்தை எழுதியது மருத்துவர் அல்ல, ஆய்வகத்தின் கணினி. ஃபெனிட்டாயினுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 மி.கி. என்று ஒரு வரம்பு அதில் பதிந்து வைத்திருப்பார்கள். 10-க்குக் கீழே எது வந்தாலும் அது 'குறைவு' என்று அச்சடிக்கும். உங்கள் தம்பிக்கு மூன்று வருடமாக வலிப்பு இல்லை என்பது அதற்குத் தெரியாது. எனக்கு இந்தத் தடித்த எழுத்துகள் மீது நெடுநாள் கோபம் உண்டு. வீட்டுக்கு வீடு எத்தனை அம்மாக்களின் தூக்கத்தை இவை கெடுத்திருக்கும்!

இந்த 10 முதல் 20 வரை என்பது பாஸ் மார்க் போன்றதல்ல. ஏராளமான நோயாளிகளிடம் அளந்து பார்த்ததில், பெரும்பாலானோருக்கு இதற்குள் இருக்கும்போது வலிப்பு அடங்குகிறது, பெரிய தொந்தரவும் வருவதில்லை என்று கண்டார்கள், அவ்வளவுதான். மேல் எல்லைக்கு ஓரளவு உறுதியான அடிப்படை இருக்கிறது. 1964-இல் வெளியான குட் குழுவினரின் ஆய்வில், அளவு 20-ஐத் தாண்டும்போது கண்மணி நடுங்குவதும், 30-க்கு மேல் நடை தள்ளாடுவதும், 40-க்கு மேல் புத்தி மந்தமாவதும் படிப்படியாக வருவதைப் பார்த்தார்கள். இன்றும் வகுப்பில் மாணவர்களுக்கு அதைத்தான் சொல்லித் தருகிறோம். கீழ் எல்லை அப்படி இல்லை. 6-லேயே வருடக்கணக்காக நன்றாக இருப்பவர்கள் உண்டு. 18 இருந்தும் வலிப்பு நிற்காதவர்களும் உண்டு. அதனால்தான் உலக வலிப்பு நோய்த் தடுப்புக் கழகம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பொதுவான வரம்பு வேறு, ஒரு குறிப்பிட்ட மனிதருக்கு மருந்து வேலை செய்யும் அளவு வேறு என்று பிரித்துச் சொன்னார்கள். வலிப்பும் இல்லை, பக்கவிளைவும் இல்லை என்ற நிலையில் ஒருவருக்கு என்ன அளவு இருக்கிறதோ, அதுதான் அவருடைய எண்.

சரி, அப்படியானால் 8.1 என்பதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா என்றால், அதுவும் கூடாது. 'குறைவு' என்ற சொல்லுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. அதே டோஸ், அதே ஆள், ஆனால் 13.4 ஏன் 8.1 ஆனது என்பதை மட்டும் விசாரிக்க வேண்டும். நான் கேட்டிருப்பேன் என்று சொன்ன கேள்வி அதுதான். அதைப் புரிந்துகொள்ள இந்த மருந்தின் ஒரு விசித்திர குணம் தெரிய வேண்டும். கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான மருந்துகளில் டோஸை இரண்டு மடங்காக்கினால் ரத்தத்தில் அளவும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஃபெனிட்டாயின் அப்படி நடந்துகொள்ளாது. அதை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. டிக்கெட் கவுண்டர்களை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும்வரை, பத்துப் பேர் கூடுதலாக வந்தாலும் ஏதோ ஒரு கவுண்டரில் வேலை முடிந்துவிடும். எல்லாக் கவுண்டரும் நிரம்பிய பிறகு ஒருவர் கூட வந்தாலும் வரிசைதான் நீளும். சராசரி மனிதருக்கு லிட்டருக்கு 4 மி.கி. என்ற அளவிலேயே அந்த நொதி தன் முழுத் திறனில் பாதியை எட்டிவிடுகிறது. நாம் பேசுவதோ 8, 13, 20 என்ற அளவுகளைப் பற்றி. அங்கே கவுண்டர்கள் கிட்டத்தட்ட நிரம்பியாயிற்று.

இதை உங்கள் தம்பிக்குப் பொருத்திப் பார்ப்போம். 300 மி.கி. தவறாமல் போட்டு 8.1 என்ற அளவில் நிலைத்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், அவருடைய கல்லீரலின் உச்சத் திறன் நாளுக்குச் சுமார் 450 மி.கி. என்று வருகிறது. இப்போது 330 மி.கி. கொடுத்தால் அளவு 11-க்குப் பக்கத்தில் போகும். 350 கொடுத்தால் 14. 400 கொடுத்தால்? பலரும் 11 அல்லது 12 என்று சொல்வார்கள். கணக்குப்படி 30-ஐத் தாண்டிவிடும். டோஸில் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, ரத்த அளவு நான்கு மடங்காகிவிட்டது. ஆளுக்கு ஆள் இந்த எண்கள் மாறும், ஆனால் போக்கு இதுதான். அதனால்தான் இந்த மருந்தைக் கூட்ட வேண்டியிருந்தால், அளவு 7, 8-ஐத் தாண்டியவர்களுக்கு 25, 30, 50 மி.கி. என்று சின்னச் சின்னதாகத்தான் ஏற்றுவோம்.

இதைவிட மோசமான ஒரு சாத்தியமும் இருக்கிறது. அவருடைய உண்மையான அளவு போன வருடத்து 13.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை வேறு ஏதோ காரணத்தால் இறங்கித் தெரிகிறது, அவ்வளவுதான். அப்படியானால் கல்லீரலின் உச்சத் திறன் நாளுக்கு 390 மி.கி. அளவில்தான் இருக்கும். தினம் 390 வெளியேறக்கூடிய இடத்தில் 400 உள்ளே போனால், எங்கேயும் நிற்காமல் வாரக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. 'பரவாயில்லை, நன்றாகத்தானே இருக்கிறான்' என்று தோன்றும். அப்புறம் ஒருநாள் மாடிப்படியில் கால் இடறும், பேச்சு குழறும், பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அளவு மிக அதிகமானால் சிலருக்கு ஃபெனிட்டாயினே வலிப்பைக் கூட்டிவிடும். அதைப் பார்த்து மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னும் கூட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி அதே கணக்கைத் திருப்பிப் போடுவோம். 13.4-ஆக இருந்தவருக்கு 8.1 ஆக வேண்டுமானால் எவ்வளவு மருந்து உள்ளே போகாமல் இருந்திருக்க வேண்டும்? பாதியா? மூன்றில் ஒரு பங்கா? இரண்டும் இல்லை. வாரத்துக்கு ஒரே ஓர் இரவு போதும். ஏழு இரவில் ஆறு இரவு மட்டும் 300 மி.கி. போட்டால் நாளுக்குச் சராசரி 257 மி.கி. ஆகிறது. அவருடைய உச்சத் திறன் 390 என்றால், அந்தச் சராசரிக்கு ரத்த அளவு 8-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கூட்டும்போது எப்படித் தாவி ஏறுகிறதோ, குறைக்கும்போதும் அப்படியே சரிகிறது. உங்கள் தம்பி மருந்தை விட்டுவிட்டார் என்று நான் சொல்லவில்லை. வேலை முடிந்து அசந்து தூங்கிப்போன சில இரவுகள், வெளியூர் போனபோது எடுத்துப் போக மறந்த ஒரு நாள், இவ்வளவே இந்த வித்தியாசத்துக்குப் போதும் என்கிறேன்.

ஆக, முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். ஆனால் எப்படிக் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். "ஏண்டா, ஒழுங்கா மாத்திரை போடறியா இல்லையா?" என்று அம்மா கேட்டால், "போட்டுட்டுதான் இருக்கேன்" என்ற பதில்தான் வரும், யாருக்கும் வரும். நீங்கள் தனியாக இருக்கும்போது, "போன மாதத்தில் எத்தனை நாள் விட்டுப்போயிருக்கும், மூணா, நாலா?" என்று கேட்டுப் பாருங்கள். மறப்பது இயல்புதான் என்று கேள்வியிலேயே ஒத்துக்கொண்டால் உண்மையான எண் வெளியே வரும். நான் நோயாளிகளிடம் கேட்பதும் அப்படித்தான். மறதிதான் காரணம் என்று தெரிந்தால், அதற்கு வழி வாரப் பெட்டியும் அலாரமும்தான். டோஸைக் கூட்டுவது அல்ல. கூட்டிவிட்டு அவர் ஒழுங்காகவும் போட ஆரம்பித்தால், மேலே சொன்ன 400 கணக்கு அப்படியே நடக்கும்.

மறதி இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் அடுத்து கேப்சூலையே பாருங்கள். கடந்த சில மாதங்களில் கம்பெனி மாறியதா? கேப்சூலுக்குப் பதில் மெல்லும் மாத்திரையோ சிரப்போ கொடுத்தார்களா? ஃபெனிட்டாயின் சோடியம் 100 மி.கி. என்று எழுதியிருக்கும் கேப்சூலில் உண்மையான ஃபெனிட்டாயின் 92 மி.கி.தான். மெல்லும் மாத்திரையிலும் சிரப்பிலும் பொதுவாக இருப்பது முழு ஃபெனிட்டாயின். வேறு மருந்தாக இருந்தால் இந்த 8 சதவீதத்தை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள், இதில் அது ரத்த அளவை நன்றாகவே அசைத்துவிடும். இதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் ஆஸ்திரேலியாவில் 1968-இல் நடந்தது. மருந்தின் அளவை யாரும் தொடவில்லை. கேப்சூலை நிரப்பச் சேர்க்கும் கால்சியம் சல்ஃபேட்டுக்குப் பதிலாக லாக்டோஸ் சேர்த்தார்கள், அவ்வளவுதான். மருந்து உடலில் சேரும் விகிதம் கூடி, பிரிஸ்பேனில் பல நோயாளிகளுக்கு நச்சு அறிகுறிகள் வந்தன. சும்மா இடத்தை அடைக்கும் பொடிக்கே இவ்வளவு சக்தி. ஆகவே பழைய அட்டையும் புதிய அட்டையும் இருந்தால் இரண்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். சிரப் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பாட்டிலை நன்றாகக் குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும். மேல் பாதி குடிக்கும்போது அளவு குறையும், அடிப் பாதி குடிக்கும்போது ஏறும்.

அதற்கடுத்து வேறு மருந்துகள். நெஞ்செரிச்சலுக்கு அன்டாசிட் குடிக்கிறாரா? அதோடு சேர்த்துப் போட்டால் ஃபெனிட்டாயின் உள்ளே சேர்வது குறையலாம், இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி வேண்டும். ஃபோலிக் அமிலம் புதிதாக ஆரம்பித்தாலும் அளவு இறங்கலாம். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் நன்றாகவே இறக்கும். நேர்மாறாக ஐசோனியசிட், பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் போன்றவை ஏற்றும். 'சின்ன மாத்திரைதானே, இதைப் போய்ச் சொல்ல வேண்டுமா' என்று நினைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

இப்போது பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். அளவு இறங்கியதுபோல் தெரிந்தாலும் உண்மையில் இறங்காமல் இருக்கலாம். ரத்தத்தில் போகும் ஃபெனிட்டாயினில் ஏறக்குறைய 90 சதவீதம் அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டே போகும். மூளைக்குள் நுழைந்து வேலை செய்வது ஒட்டாமல் தனியாக இருக்கும் மீதி 10 சதவீதம்தான். வழக்கமான டெஸ்ட் இரண்டையும் சேர்த்துத்தான் அளக்கிறது. அல்புமின் குறைந்தால் ஒட்டியிருக்கும் பங்கு குறையும், மொத்தக் கணக்கும் குறையும், ஆனால் வேலை செய்யும் பங்கு அப்படியே இருக்கும். இதைத் தோராயமாகத் திருத்த ஒரு வழி உண்டு. டெசிலிட்டருக்கு எத்தனை கிராம் என்ற அல்புமின் எண்ணை 0.2-ஆல் பெருக்கி, அதோடு 0.1 கூட்டி, வந்த எண்ணால் ரிப்போர்ட்டில் உள்ள அளவை வகுக்க வேண்டும். உங்கள் தம்பியின் அல்புமின் 4.4 என்றால் 8.1 கிட்டத்தட்ட 8.1-ஆகவே நிற்கும். 2.5 என்றால் 13.5 வரும், அதாவது போன வருடத்து அளவிலிருந்து எதுவுமே மாறவில்லை என்று அர்த்தம்! 31 வயதில் ஆரோக்கியமாக இருப்பவருக்கு அல்புமின் அப்படிக் குறைய வாய்ப்பு கம்மி. ஆனால் சமீபத்தில் பெரிய காய்ச்சல், ஆபரேஷன், கல்லீரல் அல்லது சிறுநீரகப் பிரச்சினை என்று ஏதாவது இருந்திருந்தால் அல்புமினையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தத் தோராயக் கணக்கும் போதாது. அவர்களுக்கு ஒட்டாத ஃபெனிட்டாயினை மட்டும் தனியாக அளக்கும் டெஸ்ட் கேட்போம். அதன் வரம்பு 1 முதல் 2 வரை. அந்த ரிப்போர்ட்டில் 1.4 என்று பார்த்துவிட்டு யாரும் பதற வேண்டாம்.

அலகு பற்றியும் ஒரு சிறு எச்சரிக்கை. சில ஆய்வகங்கள் மி.கி. கணக்கில் தராமல் மைக்ரோமோல் கணக்கில் தரும். அதில் ஃபெனிட்டாயினின் வரம்பு 40 முதல் 80. உங்கள் தம்பியின் 8.1 அதில் 32 என்று வரும். ஆய்வகம் மாறியபின் எண் திடீரென்று நான்கு மடங்கு ஏறினால் முதலில் அலகைப் பாருங்கள்.

அடுத்து, மாத்திரை போட்டுவிட்டுப் போவதா, போடாமல் போவதா. பொதுவான விதி, காலை டோஸுக்கு முன் ரத்தம் கொடுப்பது. அப்போதுதான் அளவு நாளிலேயே மிகக் குறைவாக இருக்கும், ஒரு முறைக்கு இன்னொரு முறை ஒப்பிடவும் முடியும். மாத்திரையைக் கையோடு எடுத்துப் போய், ரத்தம் கொடுத்த கையோடு போட்டுவிட வேண்டும். டெஸ்ட்டுக்காக டோஸையே தவிர்த்துவிடக் கூடாது, இதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் தம்பி இரவில் மட்டும் போடுவதால் இந்தக் குழப்பமே இல்லை, காலையில் எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஃபெனிட்டாயின் மெதுவாக வெளியேறும் மருந்து என்பதால், மணிக்கணக்கு வித்தியாசம் அதில் பெரிதாகத் தெரியாது. இருந்தாலும் போன முறை எந்த நேரத்தில் கொடுத்தாரோ அதே நேரத்தில் கொடுத்தால் ஒப்பிடுவது சுலபம். கடைசி டோஸ் எத்தனை மணிக்குப் போட்டது, ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தது, இந்த இரண்டையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். நேரம் எழுதாத ரிப்போர்ட் எனக்குப் பாதி ரிப்போர்ட்தான். லெவெடிராசெட்டம், வால்ப்ரோயேட் போன்ற வேறு வலிப்பு மருந்துகளில் நேரம் ரொம்பவே முக்கியம். லெவெடிராசெட்டத்தின் அளவு 6 முதல் 8 மணி நேரத்தில் பாதியாகிவிடும், மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் எடுத்த எண்ணையும் மறுநாள் காலை வெறும் வயிற்றில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஃபீனோபார்பிட்டோன் இதற்கு நேரெதிர். பாதியாவதற்கே சில நாட்கள் ஆகும், எந்த நேரத்தில் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது.

டோஸ் மாற்றியவுடன் மறுநாளே டெஸ்ட்டுக்கு ஓடுவதிலும் பயன் இல்லை. மருந்து உடலில் ஒரு நிலைக்கு வர நேரம் வேண்டும். ஃபெனிட்டாயினுக்கு இரண்டு, மூன்று வாரம் பொறுங்கள். கார்பமசெபின் என்ற இன்னொரு வலிப்பு மருந்தில் வேறொரு வேடிக்கை உண்டு. அது தன்னைத்தானே வேகமாக வெளியேற்றக் கல்லீரலைத் தூண்டிவிடும், அதனால் முதல் வாரத்தில் நன்றாக இருக்கும் அளவு ஒரு மாதத்துக்குள் தானாகவே இறங்கிவிடும்.

கடைசியாக, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்று கேட்டீர்கள். காலண்டரைப் பார்த்து எடுக்கும் டெஸ்ட் அல்ல இது. நன்றாக இருப்பவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று எடுத்துக்கொண்டே இருப்பதால் வலிப்பு குறைவதாக நல்ல ஆதாரம் கிடையாது. புதிதாகச் சிகிச்சை தொடங்கியவர்களில் ஒரு குழுவுக்கு ரத்த அளவைப் பார்த்தும், இன்னொரு குழுவுக்கு அறிகுறிகளை மட்டும் பார்த்தும் டோஸை நிர்ணயித்து இத்தாலியில் ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2000-இல் வெளியானது. இரு குழுவிலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். நான் மேலே சொன்ன விசித்திர குணத்தால், ஃபெனிட்டாயினுக்கு மட்டும் இந்த முடிவை அப்படியே பொருத்த மாட்டேன். அதில் டோஸை மாற்றும்போதெல்லாம் அளவு பார்ப்பது என் வழக்கம். மற்றபடி, ஒரு கேள்வி எழும்போதுதான் டெஸ்ட். நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று வலிப்பு வந்தால், நச்சு அறிகுறி தெரிந்தால், மருந்தின் கம்பெனியோ வகையோ மாறினால், புதிய மருந்து சேர்ந்தால், கல்லீரலோ சிறுநீரகமோ கெட்டால் பார்க்க வேண்டும். அப்புறம், எல்லாம் சரியாக இருக்கும்போது ஒரு முறை எடுத்து வைத்துக்கொள்வது. பின்னால் ஏதாவது நடந்தால் ஒப்பிட அந்த எண் கைகொடுக்கும். உங்கள் வீட்டில் அந்த 13.4 இருந்ததால்தானே இப்போது இவ்வளவு பேச முடிகிறது?

கர்ப்ப காலம் மட்டும் இதில் விதிவிலக்கு. லமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்து போடும் பெண்களுக்குக் கர்ப்பத்தின்போது ரத்த அளவு பாதிக்குக் கீழேகூடப் போய்விடலாம், அதனால் மாதாமாதம் பார்ப்பவர்கள் உண்டு. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் லமோட்ரிஜினை ஏறக்குறைய பாதியாக இறக்கிவிடும். இதைப் படிக்கும் பெண்கள் யாராவது இந்த இரண்டையும் சேர்த்துப் போட்டால் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் அடுத்த முறை பேசலாம் என்றாரே, அதற்குள் இப்படிச் செய்யுங்கள். இன்றிலிருந்து மூன்று வாரம் வாரப் பெட்டியில் கேப்சூலைப் போட்டு வைத்து, ஓர் இரவுகூடத் தவறாமல் அதே 300 மி.கி. எடுக்கட்டும். ஓர் இரவு மறந்துவிட்டு மறுநாள் காலை நினைவு வந்தால் என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் மருந்தை ஒரே இரவில் சேர்த்துப் போட வேண்டாம். அதன்பின் அதே ஆய்வகத்தில், அதே நேரத்தில், அல்புமினோடு சேர்த்து இன்னொரு முறை பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 13 பக்கம் திரும்பி வந்தால் காரணம் மறதிதான், விஷயம் முடிந்தது. ஒழுங்காகப் போட்டும் 8-லேயே நின்றால் கேப்சூலையும் மற்ற மருந்துகளையும் அலசலாம். எதுவுமே கிடைக்காமல், வலிப்பும் வராமல் இருந்தால், 8 அவருக்குப் போதுமானதாக இருக்கலாம் என்று உங்கள் டாக்டர் முடிவு செய்யவும் இடம் உண்டு. எல்லோரையும் 15-க்குத் தள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அளவு கூடக்கூட மயக்கமும் தடுமாற்றமும் பக்கத்தில் வருகின்றன. ஈறு தடிப்பது, எலும்பு பலவீனமாவது போன்றவையும் இந்த மருந்தில் வருடக்கணக்கில் வரக்கூடியவை.

வாசலில் வைத்து நான் வழக்கமாகச் செய்யும் சோதனை ஒன்றை வீட்டிலேயே நீங்களும் செய்யலாம். தம்பியின் முகத்துக்கு முன் ஒரு விரலைப் பிடித்து மெதுவாக ஓரத்துக்குக் கொண்டு போங்கள், தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். ஓரத்தில் விரலை நிறுத்தியதும் கண்மணி துடித்துத் துடித்து இழுக்கிறதா பாருங்கள். கடைக்கோடிக்குப் போகும்போது ஒன்றிரண்டு துடிப்பு எல்லோருக்கும் வரும், அது கணக்கில்லை. பிறகு ஒரு காலின் குதிகாலை மறு காலின் பெருவிரலில் தொட்டபடி ஒரு நேர்க்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். கண்மணி தொடர்ந்து துடித்தாலோ நடை தள்ளாடினாலோ, ரிப்போர்ட்டில் 'குறைவு' என்று எழுதியிருந்தாலும் டாக்டரைப் பார்க்க அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். வலிப்பு திரும்ப வந்தாலும் உடனே தெரிவியுங்கள். ஒரே வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். பயத்திலோ கோபத்திலோ மருந்தைத் திடீரென நிறுத்துவது இது எல்லாவற்றையும்விட ஆபத்து.

அம்மாவிடம் அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, டோஸ், கம்பெனி பெயர், கடைசி மாத்திரை போட்ட நேரம் ஆகியவற்றை ஒவ்வொன்றின் ஓரத்திலும் பேனாவால் எழுதி வையுங்கள். அடுத்த முறை டாக்டர் மேஜையில் முதலில் வைக்க வேண்டியது அதைத்தான்.